தாய் நிறுவனத்தை மாற்றிய அமெரிக்கக் கிளை

வெளிநாட்டுத் துணை நிறுவனம் என்றால் தாய் நிறுவனத்தின் சரக்கை இறக்கி விற்கும் கிளை அலுவலகம் என்றே பலரும் எண்ணுகிறோம். சோனி கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்காவின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, எனக்கு அந்த எண்ணம் அடியோடு மாறிவிட்டது.

1955இல் சோனியின் நிறுவனர்களில் ஒருவரான அகியோ மொரிட்டா டிரான்சிஸ்டர் வானொலியுடன் நியூயார்க் சென்றபோது, ஒரு லட்சம் வானொலிகளை வாங்க முன்வந்த புலோவா நிறுவனம், அவற்றில் தன் பெயரையே பொறிக்க வேண்டும் என்றது. மொரிட்டா மறுத்துவிட்டார். சொந்தப் பெயரில்தான் விற்பது என்று உறுதி பூண்டவருக்குப் பிறருடைய விநியோகத்தை நம்பியிருப்பதும் நெடுநாள் ஒத்துவரவில்லை. 1960 பிப்ரவரியில் நியூயார்க்கில் இந்தத் துணை நிறுவனம் தொடங்கப்பட்டது. 1963இல் அவர் குடும்பத்துடன் அங்கேயே குடியேறினார். வாங்குபவர்களின் வாழ்க்கையை அவர்களிடையே வாழ்ந்துதான் அறிய முடியும் என்று கருதிய அந்த முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆயினும் இந்த நிறுவனம் உலகுக்குச் செய்த மிகப் பெரிய உதவி விற்பனையில் அன்று, நீதிமன்றத்தில்தான் நிகழ்ந்தது. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை வீட்டிலேயே பதிவு செய்ய உதவிய பீட்டாமேக்ஸ் கருவி பதிப்புரிமையை மீறத் துணைபோகிறது என்று கூறி, யுனிவர்சல், டிஸ்னி ஆகிய படநிறுவனங்கள் 1976இல் வழக்குத் தொடுத்தன. 1979இல் மாவட்ட நீதிமன்றம் சோனிக்குச் சாதகமாகவும், 1981இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் எதிராகவும் தீர்ப்பளித்தன. உச்ச நீதிமன்றமோ இருமுறை வாதங்களைக் கேட்டபின், 1984 ஜனவரி 17 அன்று, ஐந்துக்கு நான்கு என்ற மயிரிழைப் பெரும்பான்மையில் சோனியின் பக்கம் நின்றது. ஒளிபரப்பைப் பதிந்துவைத்துப் பின்னர் வசதியான நேரத்தில் பார்ப்பது நியாயமான பயன்பாடே என்றும், முறையான பயன்கள் கணிசமாக உள்ள கருவியை விற்றதற்காக மட்டும் விற்றவரைப் பொறுப்பாக்க முடியாது என்றும் நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதினார். குடும்பங்கள் தம் நிகழ்ச்சியைப் பதிந்து பார்ப்பதில் தமக்கு மறுப்பில்லை என்று குழந்தைகள் நிகழ்ச்சியாளர் ஃபிரெட் ரோஜர்ஸ் அளித்த சாட்சியத்தையும் அத்தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. அந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது. அதற்குள் சந்தையில் பீட்டாமேக்ஸை அதன் போட்டிப் பதிவு முறையான விஎச்எஸ் முந்திவிட்டது என்றாலும், பின்னர் வந்த பதிவுக் கருவிகள் பலவற்றுக்கும் அத்தீர்ப்பே சட்டக் காப்பாயிற்று.

படநிறுவனங்களை எதிர்த்து வாதாடிய சோனி, 1988இல் சிபிஎஸ் ரெக்கார்ட்ஸை ஏறத்தாழ 200 கோடி டாலருக்கும், 1989இல் கொலம்பியா பிக்சர்ஸை ஏறத்தாழ 340 கோடி டாலருக்கும் வாங்கியது. கருவி செய்வோரிடம் அதில் ஓடும் பாட்டும் படமும் இருக்க வேண்டும் என்பது அக்காலத் தலைமையின் உறுதியான நம்பிக்கை. அதற்குக் கொடுத்த விலை மிகுதி என்பதே என் கருத்து: 1994இல் படத்துறையில் மட்டும் பல நூறு கோடி டாலர் இழப்பை ஏற்க நேர்ந்தது. ஆனால் டோக்கியோவில் உள்ள தாய் நிறுவனத்தின் தன்மையையே மாற்றியது இந்த அமெரிக்கக் கிளைதான். 1997இல் அமெரிக்கத் துணை நிறுவனத்தில் சேர்ந்த ஹாவர்ட் ஸ்டிரிங்கர், 2005இல் சோனி குழுமம் முழுமைக்கும் தலைவரானார்; அப்பதவிக்கு வந்த முதல் வெளிநாட்டவர் அவரே.