750-இல் எழுந்த மேடு

2015 டிசம்பரை என்னால் மறக்க முடியவில்லை. செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் வளையத்தில் புரோட்டான்களை மோதவிட்டபோது, அட்லஸ், சிஎம்எஸ் என்ற இரு உணர்கருவிகளுமே ஃபோட்டான் (ஒளித்துகள்) ஜோடிகளின் நிறை வரைபடத்தில் ஒரு சிறு மேட்டைக் கண்டன; புதிய துகள் ஒன்றின் அறிகுறியோ என்று தோன்றியது. துகள்களின் நிறையைச் சொல்லும் அலகில் 750 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்! 2012-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஹிக்ஸ் துகளைப் போல ஆறு மடங்கு நிறை.

கனத்த துகள் பிறந்த கணமே சிதைந்துவிடும். சிதறி வரும் இரு ஃபோட்டான்களின் ஆற்றலையும் அவற்றுக்கு இடைப்பட்ட கோணத்தையும் அளந்துதான் தாய்த்துகளின் நிறையைக் கணக்கிடுகிறார்கள். எவ்வளவு அழகான துப்பறிதல்!

விளக்கம் சொல்லி நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. நானும் இரவெல்லாம் படித்தேன்.

2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்தது. மேடு கரைந்துவிட்டது, வெறும் புள்ளியியல் ஏற்ற இறக்கம். மனம் வலித்தது. 5 சிக்மா என்ற மிகக் கடுமையான புள்ளியியல் உறுதி இல்லாமல் கண்டுபிடிப்பு என்று அறிவிக்காத அந்தக் கண்டிப்பின் மீது எனக்கு மரியாதை வந்ததும் அன்றுதான்.