நாலு கூட்டிட்டுப் போயிடலாமா?

"ஈஎல்ஆர்ல நாலு கூட்டி ஈரெட் போட்டுடலாமா அண்ணா? பூட் மேல போயிடும்." கேட்டது தம்பி. ஏஆர்எம் போர்டு பூட் ஆகும்போது பாதியில் எக்ஸெப்ஷனில் விழுந்து நின்றிருந்தது. ஈஎல்ஆர், விழுந்த இன்ஸ்ட்ரக்ஷனின் முகவரி இருக்கிற ரெஜிஸ்டர். ஈரெட், அந்த முகவரிக்குத் திரும்பிப் போகிற இன்ஸ்ட்ரக்ஷன். ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் நாலு பைட், நாலு கூட்டினால் விழுந்ததைத் தாண்டிவிடலாம்.

"லேப் போர்டுக்கு மட்டும் போடு" என்றேன். அந்த நாலு சொல்தான் இன்னும் உறுத்துகிறது.

யுஆர்ட்டில், அதாவது போர்டின் சீரியல் போர்ட்டில், விழுந்த காரணத்தைச் சொல்கிற ஈஎஸ்ஆர் ரெஜிஸ்டர் ஹெக்ஸில் 96000021 என்று வந்திருந்தது. மேல் ஆறு பிட் ஹெக்ஸில் 25, அதே லெவலில் டேட்டா அபார்ட், அதாவது மெமரியைத் தொட்டபோது விழுந்தது. கீழ் ஆறு பிட் 21, அலைன்மென்ட் ஃபால்ட், அதாவது 4 பைட் வாசிக்கிற முகவரி நாலின் மடங்காக இல்லை. தொட்ட முகவரியைச் சொல்கிற எஃப்ஏஆர் 2-இல் முடிந்தது. இமேஜ் ஹெடரில் முதல் 2 பைட் மேஜிக், அடுத்த 4 பைட் நீளம். அந்த நீளத்தை 32 பிட் பாயின்டராகக் காஸ்ட் பண்ணி மெமரியிலிருந்து ரெஜிஸ்டருக்கு எடுக்கிற ஒரே எல்டிஆர் இன்ஸ்ட்ரக்ஷனில் வாசித்திருந்தார்கள். ஏஆர்எம்வி8-இல் எம்எம்யூ, அதாவது மெமரி முகவரிகளை மாற்றித் தருகிற பகுதி, அணைந்திருந்தால் டேட்டா அணுகல் எல்லாம் பெரிபெரல்களுக்கான டிவைஸ் மெமரிக் கணக்குதான். அங்கே அலைன் ஆகாத முகவரி விழுந்தே தீரும், அலைன்மென்ட் சோதனையை இயக்குகிற, எஸ்சிடிஎல்ஆர் ரெஜிஸ்டரின் ஏ பிட் சுழியாக இருந்தாலும். இதே வரி, எம்எம்யூ இயங்குகிற லினக்ஸில் சத்தமில்லாமல் ஓடும்.

எக்ஸெப்ஷன் வந்ததும் ஓடுகிற ஹேண்ட்லரில் குறை சொல்ல முடியாது. ஹேண்ட்லருக்குள் நுழைகிற இடங்களின் வரிசையான வெக்டர் டேபிள் 2 கேபி அலைன்மென்ட்டில் இருந்தது. 16 என்ட்ரி, ஒவ்வொன்றும் 128 பைட், அதாவது 32 இன்ஸ்ட்ரக்ஷன். தனி ஸ்டாக் கொடுத்திருந்தோம். ஹேண்ட்லருக்குள்ளேயே இன்னொரு எக்ஸெப்ஷன் வந்தால் ஈஎல்ஆர், ஈஎஸ்ஆர் இரண்டும் அழிந்துபோகும் என்பதால் முதல் வேலையாக அவற்றை எடுத்து வைத்தோம். பிரின்ட்எஃப் கூப்பிடவில்லை. அது போன்ற, எத்தனை ஆர்க்யுமென்ட்டும் எடுக்கிற வேரியாடிக் ஃபங்ஷன் நுழைந்ததும் க்யூ0 முதல் க்யூ7 வரையான ஃப்ளோட்டிங் பாயின்ட் (எஃப்பி) ரெஜிஸ்டர்களை ஸ்டாக்கில் சேமிக்கும். எஃப்பியைத் தொட்டால் விழவைக்கிற ட்ராப் போட்டிருந்தால் அங்கேயே மறுபடி விழும். ஒவ்வொரு எழுத்தாக யுஆர்ட் ஸ்டேட்டஸைப் பார்த்து அனுப்பினோம். இவ்வளவு கவனித்தவனுக்கு, திரும்பிப் போகிற ஹேண்ட்லர் என்ன செய்யும் என்பது மட்டும் தோன்றவில்லையா? தோன்றியது. மறுநாள் டெமோ.

எல்டிஆரைத் தாண்டினால் அது நிரப்ப வேண்டிய ரெஜிஸ்டரில் பழைய மதிப்பே கிடக்கும். கிடந்தது பஃபர் அளவு, 32 கேபி. இமேஜ் அதைவிடச் சின்னது. தேவைக்கு மேல் காப்பி ஆனது, பூட் ஆனது, கைதட்டினோம். பிறகு இமேஜ் 32 கேபியைத் தாண்டியபோது வால் அறுந்தது. புரோகிராம் குப்பைக்குள் குதித்து, இந்த முறை ஈஎஸ்ஆர் வகை 0, தெரியாத காரணம். அதிலிருந்து ஹெடருக்கு வழி பிடிக்கிற சிரமம் தனிக் கதை.

நேரமில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் சரியான திருத்தம் பத்து நிமிட வேலை. அலைன் ஆகாத அணுகலைத் தவிர்க்கச் சொல்கிற ஸ்ட்ரிக்ட் அலைன் என்ற கம்பைலர் கொடி மட்டும் போதாது, காஸ்ட் பண்ணிய பாயின்டரைக் கம்பைலர் நம்பிவிடும். மெம்காப்பி மட்டும் போதாது, 4 பைட் காப்பியை அது மறுபடி எல்டிஆர் ஆக்கிவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் பைட் பைட்டாக வாசிக்கும். எம்எம்யூவை முன்பே ஏற்றியிருக்கலாம் என்றும் தோன்றும். கர்னலுக்குக் கைமாற்றும் முன் கேஷைச் சுத்தம் செய்து மறுபடி அணைக்க வேண்டும், அவ்வளவுதான். அதுவும் இந்தத் தப்பை மறைத்துத்தான் இருக்கும். மதிப்பாவது சரியாக வந்திருக்கும்.

அந்தத் தாண்டலை முழுக்கத் தூக்கச் சொல்லவும் மனம் வரவில்லை. இல்லாத பெரிபெரலைத் தொட்டுப் பார்க்கிற இடத்தில் அது நியாயமான வழி, தொடுகிற இன்ஸ்ட்ரக்ஷனின் முகவரியைக் குறித்துவைத்து, அங்கே விழுந்தால் மட்டும் தாண்டுகிறவரை. சில பஸ்களில் அந்த அபார்ட்டும் எஸ்எரர் என்ற வேறு வகை எக்ஸெப்ஷனாகத் தாமதித்து வரும். அப்போது ஈஎல்ஆர் வேறெங்கோ நிற்கும், நாலு கூட்டினால் சம்பந்தமில்லாத ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் காணாமல் போகும். தம்பியிடம் இதை இன்னும் சொல்லவில்லை.