கடைசித் தெருவுக்குத் தண்ணீர் வராத காரணம்

உயர்கல்வி நிறுவனங்களைக் கிராமங்களோடு இணைக்கும் உன்னத் பாரத் அபியான் திட்டத்தின் கீழ் எங்கள் பல்கலைக்கழகம் தத்தெடுத்த கிராமங்களில் ஒன்றுக்கு மாணவர்களை அழைத்துப் போகும் பொறுப்பு என்னுடையது. நான் சிவில் துறை ஆசிரியர். சமூகப்பணி, வேளாண்மை, பொருளியல் மாணவர்களும் உடன் வருவார்கள். இவர்களைத் துறைவாரியாக அனுப்பினால் துறைக்கொரு அறிக்கை வரும். ஒன்றில் இருப்பது மற்றொன்றுக்குத் தெரியாது. அதனால் தெருவாரியாகப் பிரித்தோம். ஒரு தெருவுக்கு நான்கு துறையிலிருந்தும் ஆட்கள். நான் இதில் பிடிவாதக்காரன். இந்த ஏற்பாட்டின் பலனைக் கடைசித் தெருவில் கண்ணால் கண்டேன்.

அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிறது, தண்ணீர்தான் சொட்டுகிறது. ஜல் ஜீவன் திட்டக் கணக்கில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வர வேண்டும். சிவில் மாணவன் ஒருவன் குழாயடியில் குந்தி, ஒரு குடம் நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று செல்பேசியில் பார்த்துக் குறித்தான். பிறகு மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்திலுள்ள தொட்டியடித் தெருவுக்குப் போய் அதே குடத்தை வைத்தான். அங்கே பேச்சு முடிவதற்குள் குடம் நிரம்பி வழிந்தது. குழாயின் விட்டம் போதவில்லை என்று முடிவுகட்டி, பெரிய குழாய் பதிக்க மதிப்பீடு போடத் தொடங்கிவிட்டான்.

சமூகப்பணி மாணவி கேள்வித்தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, ஒரு அம்மாவுக்குக் குடத்தை இடுப்பில் ஏற்றிவிட்டாள். அந்த அம்மா மெல்லச் சொன்னார்: “மேல்தெருவில் பாதி வீட்டில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள், கண்ணு. நாங்கள் அவர்கள் காட்டுக்குத்தான் கூலிக்குப் போகிறோம். யார் கேட்பது?” கேள்வித்தாளில் இதற்குக் கட்டமே கிடையாது. மேல்தெருவில் மோட்டார் ஓடும்வரை பெரிய குழாய் பதித்தாலும் கடைசித் தெருவின் நிலைமை மாறாது.

இன்னொரு முடிச்சை அவிழ்த்தவன் வேளாண் மாணவன். அவன் அப்பா விவசாயி. தொட்டி சில நாள் பாதிதான் நிரம்புகிறது என்று டேங்க் ஆபரேட்டர் சொன்னதும், “மும்முனை மின்சாரம் எப்போது விடுகிறார்கள்?” என்று கேட்டான். பாசன மோட்டார்களுக்கான அந்த மின்சாரம் வரும் நேரத்தில் சுற்றுக்காட்டு மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓட, பக்கத்திலேயே இருக்கும் குடிநீர் ஆழ்துளைக் கிணற்றில் நீர்மட்டம் இறங்கிவிடுகிறது. தொட்டிக்கு வேறு நேரத்தில் நீர் ஏற்றினால் போதும். எனக்கு இது தோன்றியிருக்காது.

அன்று மாலை ஊர்ச் சாவடி முன் கோலப்பொடியால் தெருக்களை வரைந்து, நால்வரும் ஊராரோடு உட்கார்ந்தார்கள். புதுக் குழாய் என்ற பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. மேல்தெருக்களுக்குக் குழாய் பிரியும் இடங்களில் கேட் வால்வு வைத்து, அவற்றை அடைத்துவிட்டுக் கடைசித் தெருவுக்கு முதலில் தண்ணீர் விடுவது என்று ஆனது. பணத்துக்கு வழி சொன்னவள் பொருளியல் மாணவி: மத்திய அரசு ஊராட்சிகளுக்குத் தந்த 15வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது.

கிராம சபையில் ஊர் வாக்காளர்கள்தான் உறுப்பினர்கள்; மாணவர்களுக்கு அங்கே குரல் கிடையாது. கிடையாது என்பதும் சரிதான். ஆனால் கூட்டம் நடக்கும் முற்பகலில் கடைசித் தெருப் பெண்கள் கூலி வேலையில் இருப்பார்கள். மாணவிகள் முன்கூட்டியே வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்ததால், அக்டோபர் 2 அன்று அவர்கள் திரண்டு வந்து கோரிக்கையைத் தாங்களே வைத்தார்கள். தீர்மானம் பதிவேட்டில் ஏறி, கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்திலும் சேர்ந்தது. கல்லூரி அலமாரியில் அடுக்கிய எந்த அறிக்கையையும்விட அந்த ஒரு பக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

வால்வுகள் வந்துவிட்டன. மேல்தெரு மோட்டார்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றை எடுக்க வைப்பது ஊராட்சியின் வேலை. குடிநீர் இணைப்பு விதிகள் அதற்கு எவ்வளவு இடம் கொடுக்கின்றன என்று பார்க்க, இந்த ஆண்டுக் குழுவில் சட்டத் துறை மாணவர்களையும் கேட்டிருக்கிறேன்.