டர்ஹாமுக்குக் கீழே: ரேஸ் அணியின் மைனர் லீக் நாட்குறிப்பு

மார்ச் 24, 2025

அவுட் ஆஃப் த பார்க் 26 என்ற பேஸ்பால் நிர்வாகக் கணினி விளையாட்டில் டாம்பா பே ரேஸ் என்ற மேஜர் லீக் அணியை நடத்துகிறேன். தேதிகளெல்லாம் ஆட்டத்துக்குள் ஓடும் நாள்காட்டிப்படி. ரேஸுக்கு வீரர்களை வளர்த்துத் தரும், முழு சீசன் ஆடும் மைனர் லீக் அணிகள் நான்கு, மேல்மட்டத்திலிருந்து கீழாக: டிரிபிள்-ஏவில் டர்ஹாம் புல்ஸ், டபுள்-ஏவில் மான்ட்கமரி பிஸ்கட்ஸ், ஹை-ஏவில் போலிங் கிரீன் ஹாட் ராட்ஸ், சிங்கிள்-ஏவில் சார்ல்ஸ்டன் ரிவர்டாக்ஸ்.

சீசன் தொடங்கும் முன் ஒரு தாளில் கட்டம் போட வேண்டும். மேலே நான்கு அணிகள், பக்கவாட்டில் களத்தின் ஒவ்வொரு இடமும். கட்டத்துக்கு இரண்டு பெயர்: ஆடுகிறவர், அவர் நாளைக்குப் போய்விட்டால் அந்த இடத்தில் நிற்கப்போகிறவர். இன்று டர்ஹாம் வரிசையை நிரப்பியபோது ஷார்ட்ஸ்டாப், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் மூன்றுக்கும் இரண்டாவது பெயர் ஒரே ஆள். ரோஸ்டர் (வீரர் பட்டியல்) பக்கத்தில் தலைகளை எண்ணினால் டர்ஹாமில் ஆள் தாராளம். உண்மையில் ஒருவருக்கு அடிபட்டால் தாங்கும், இரண்டாவது அடி தாங்காது. முதல் பேஸ், லெஃப்ட் ஃபீல்டு பற்றிக் கவலையே வேண்டாம், அங்கே நிற்க எப்போதும் ஆள் கிடைக்கும். பஞ்சம் வருவது கேட்சர், ஷார்ட்ஸ்டாப், சென்டர் ஃபீல்டு, ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கிப் பந்து வீசும் பிட்சர்) ஆகிய நான்கில்தான்.

ஏப்ரல் 6

எதை கணினி ஓட்டும் உதவி மேலாளரிடம் விடுவது, எதைக் கையில் வைப்பது? கீழ் அணிகளின் தினசரி பேட்டிங் வரிசையை கணினி பார்த்துக்கொள்ளட்டும். பதவி உயர்வு, இறக்கம், ஒப்பந்தம், விடுவிப்பு நான்கும் நம்மிடமே இருக்க வேண்டும். விடுவிக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டால், ரேட்டிங் குறைவு என்று கணினி முதலில் கழித்துக்கட்டுவது வயதான மாற்று கேட்சரைத்தான். அவருடைய மதிப்பு ரேட்டிங் எண்ணில் தெரியாது.

மே 9

பயந்த கேட்சர் பஞ்சம் இன்று வந்தது. மேஜர் அணி கேட்சருக்குத் தொடைத் தசைப் பிடிப்பு, 10 நாள் காயப் பட்டியல். டர்ஹாமின் முதல் கேட்சர்தான் நல்லவர், ஆனால் மேஜர் அணியில் ஆடத் தகுதியுள்ள 40 பேர் பட்டியலில் இல்லை. அவரைச் சேர்க்க வேண்டுமானால் யாரையாவது வெளியேற்றி வெய்வருக்கு (மற்ற அணிகள் அவரை எடுத்துக்கொள்ளும் முறை) அனுப்ப வேண்டும், அல்லது ஏற்கெனவே நீண்ட காயத்தில் கிடக்கும் ஒருவரை 60 நாள் பட்டியலுக்கு மாற்ற வேண்டும். 60 நாள் பட்டியலில் இருப்பவர் 40 கணக்கில் வரமாட்டார், ஆனால் திரும்பும் நாளில் இடம் கேட்பார். இரண்டு வார வேலைக்கு அந்தக் கடன் வேண்டாம். 40க்குள் இருக்கும் இரண்டாவது கேட்சரை மேலே அழைத்தேன்.

இனி டர்ஹாமில் கேட்சர் ஒருவர்தான். டிரிபிள்-ஏவில் வாரம் ஆறு ஆட்டம், திங்கள் ஓய்வு. ஆறையும் ஒருவரே பிடித்தால் களைப்பு ஏறி, பேட்டிங் விழுந்து, அடுத்த காயமும் அவருக்கே வரும். நாலுக்கு இரண்டு என்று பிரிப்பதுதான் சரியான அளவு. கை உடனே போலிங் கிரீனில் இருக்கும் 20 வயதுப் பையனை மான்ட்கமரிக்கு ஏற்றி, மான்ட்கமரி ஆளை டர்ஹாமுக்கு ஏற்றத்தான் போகும். அப்படிச் செய்தால் ஒரு தொடைப் பிடிப்பு மூன்று அணிகளைக் கலைத்துவிடும். பையன் தாங்க முடியாத பிட்சிங்கைச் சந்தித்து வளர்ச்சியும் தடைபடும்.

மான்ட்கமரி பெஞ்சில் 27 வயது மூன்றாவது கேட்சர் ஒருவர் இருக்கிறார். 20 மோசம், 80 மிகச் சிறப்பு என்ற அளவில் கேட்சிங் 55, பேட்டிங் 30. குளிர்காலத்தில் மைனர் லீக் ஒப்பந்தத்தில் எடுத்தவர். அவர் டர்ஹாமுக்குப் போனார், வேறு யாரும் நகரவில்லை. இப்படி ஒருவரை கேட்சருக்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கும் டபுள்-ஏவில் வைத்திருங்கள். அவர் அங்கே உட்கார்ந்திருப்பதால் யாருடைய ஆட்ட நேரமும் கெடாது.

ஜூன் 15

பிட்சர்கள். டபுள்-ஏ சீசன் 138 ஆட்டம். ஐந்து பேர் சுழற்சியில் தலைக்கு 27, 28 தொடக்கம், ஆறு பேரில் 23. தொடக்கத்துக்கு 5 இன்னிங்ஸ் என்றால் 115 இன்னிங்ஸ், 21 வயதுக்காரருக்கு அது போதும். ஆறாவது ஸ்டார்ட்டர் ஒருவர் வளர்ந்துகொண்டே காத்திருப்பார் என்பதால் மான்ட்கமரியிலும் போலிங் கிரீனிலும் ஆறு பேர். டர்ஹாமில் ஐந்து பேர்தான். மேலே அழைக்கும் நாளில் அவர் 90 பந்து வீசிப் பழகியவராக இருக்க வேண்டும்.

ஏற்றி இறக்கும்போது நாள் கணக்கு முக்கியம். எம்எல்பி (மேஜர் லீக்) விதிப்படி ஆப்ஷனில் (40க்குள் இருப்பவரை வெய்வர் இல்லாமல் கீழே அனுப்பும் உரிமை) இறக்கிய பிட்சர் 15 நாள், மற்றவர் 10 நாள் கீழே இருக்க வேண்டும், காயம்பட்டவருக்கு மாற்றாக வந்தால் விலக்கு உண்டு. அதனால் ஒரே வாரத்தில் மூன்று ரிலீவர்களை (ஆட்டத்தின் நடுவில் வந்து வீசும் பிட்சர்கள்) இறக்கிவிட்டால் மற்ற பிட்சர்கள் களைக்கும்போது அழைக்க ஆளே இருக்காது. ஒரு சீசனில் மொத்தம் 20 நாள் கீழே கழித்தால் அந்த ஆண்டின் ஆப்ஷன் செலவாகிவிடும். பொதுவாக ஒருவருக்கு மூன்று ஆண்டுதான். கட்டத்தில் பெயருக்குப் பக்கத்திலேயே மீதி ஆப்ஷனைச் சிவப்பில் எழுதிவையுங்கள்.

ஜூலை 18

புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முடிந்தது, 20 சுற்று. சிங்கிள்-ஏவுக்கும் கீழே உள்ள காம்ப்ளக்ஸ் லீக் இந்த மாதமே முடிவதால் புதியவர்களுக்கு அங்கே ஆட்டம் கிடையாது. கல்லூரி ஆட்களுக்கு சார்ல்ஸ்டனில் இடம் திறக்க வேண்டும். அதற்காகத் தயாராகாதவரை மேலே தள்ளக்கூடாது. 23 தாண்டியும் சிங்கிள்-ஏவில் அடிக்காதவர்களை முதலில் விடுவித்தேன். உள்நாட்டு மைனர் லீக் வீரர்களுக்கு 165 என்ற உச்சவரம்பும் இருக்கிறது.

செப்டம்பர் 1

மேஜர் ரோஸ்டர் 26லிருந்து 28. ஒரு பிட்சர், ஒரு மாற்று ஃபீல்டர். இருவரும் 40க்குள் இருப்பவர்களே.

நவம்பர் 14

40க்கு வெளியே இருக்கும் வீரர்களை மற்ற அணிகள் எடுத்துக்கொள்ளும் ரூல் 5 டிராஃப்டுக்கு முன் 40ஐ முடிவு செய்ய வேண்டும். 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவருக்கு ஐந்து சீசனுக்குப் பின், 19 வயதிலோ அதற்கு மேலோ ஒப்பந்தமானவருக்கு நான்கு சீசனுக்குப் பின் இந்த ஆபத்து வரும். இந்த ஆண்டு 2022 கல்லூரி டிராஃப்டும், 2021இல் பள்ளியிலிருந்து வந்தவர்களும் வரிசையில். எடுக்கும் அணி 1,00,000 டாலர் கொடுத்து, அடுத்த சீசன் முழுக்க 26க்குள் வைத்திருக்க வேண்டும். ஆகவே கேள்வி ஒன்றுதான்: இவரை நாளையே ஒரு மேஜர் அணி பெஞ்சில் தாங்குமா? பந்தில் வேகமுள்ள ரிலீவரைத் தாங்கும், அவரைச் சேர்த்தேன். போலிங் கிரீன் கேட்சர் இன்னும் ஹை-ஏ மட்டம், தாங்காது. பட்டியலுக்கு வெளியே விட்டேன். 39 பேர். ஓர் இடம் காலி, மார்ச்சில் வெய்வரில் வரும் ஷார்ட்ஸ்டாப்புக்காக.