பத்தமடையில் தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு பாய்

பாய்க்குப் பேர்போன, திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடைக்கு எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் ஆட்டோ விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சேரன்மகாதேவி ஸ்டேஷனில் இறங்கி பத்தமடை போக 300 ரூபாய் வாங்கிவிட்டார். பக்கத்து ஊருக்கு! அநியாயம். திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி வழியாகப் பாபநாசம் போகிற பஸ் பத்தமடையில் நிற்கிறது, அதில் ஏறுங்கள்.

சரி, பாய்க்கு வருகிறேன். கல்யாணச் சீருக்குப் பட்டுப்பாய் (பட்டு மாதிரி மெல்லிசான கோரைப்பாய்) சொன்னால் பெண் மாப்பிள்ளை பெயரையும் தேதியையும் பாயிலேயே நெய்து கொடுப்பார்கள். அம்மாவின் பாய் இன்னும் பீரோவில் இருக்கிறது. ஓரச் சாயம் மங்கிவிட்டது, பெயர்கள் மட்டும் தெளிவாகத் தெரியும். அப்பா போன பிறகு அம்மா அதை விரித்ததே இல்லை, எங்களையும் தொட விடுவதில்லை. தங்கச்சிக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றுதான் ஆன்லைனில் பார்க்காமல் நேரில் போனேன்.

பெரும்பாலும் லெப்பை என்கிற தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள்தான் நெய்கிறார்கள், வீட்டுத் தரையிலேயே தறி. தாமிரபரணிப் பக்கத்துக் கோரையை அறுத்து, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, மெல்லிசாகக் கிழித்துச் சாயம் ஏற்றி, அதற்கப்புறம்தான் தறிக்கே வருகிறது. நெசவு எவ்வளவு நெருக்கம் என்பதை கவுண்ட் என்று சொல்கிறார்கள், எண் கூடக்கூடப் பாய் மெல்லிசு; 100 கவுண்ட், 120 கவுண்ட் என்று போய் 140 வரை உண்டு. நான் பாய் சொல்லப் போன வீட்டில் நெய்கிற அக்கா 120 கவுண்ட் பாயை வேட்டி மாதிரி மடித்து என் கையில் வைத்தார், முறியவே இல்லை! 1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு இந்த ஊர்ப் பாய் போயிருக்கிறது என்றால் சும்மாவா.

பெயர் எழுதுவதுதான் பெரிய வேலை. கோரை நேராகத்தான் ஓடும், தமிழ் எழுத்தோ வளைந்து வளைந்து போகும். "ஒரு கோரை தள்ளிப்போச்சுன்னா அம்புட்டையும் பிரிச்சு எடுக்கணும்மா, பேருல்லா" என்றார். அவர் சொன்ன விலை நான் நினைத்து வந்ததைப் போல இரண்டு மடங்கு. வயிறு கலங்கியது உண்மை, ஆனாலும் பேரம் பேசவில்லை. பக்கத்தில் ஒருவர் "வெறும் கோரைப் பாய்க்கா இவ்வளவு" என்று பாதி விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார், எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. பெயர் நெய்த பாயை வாங்கினவர் வேண்டாம் என்றால் வேறு யாருக்கும் விற்க முடியாது, அந்த இரண்டு பேருக்காக மட்டும் வாரக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து செய்த வேலை அது. முன்பணம் கொடுத்ததில் பாபநாசத்தில் ரூம் போடக் காசில்லை, அருவியைப் பார்க்காமலே திரும்பினேன், வருத்தமில்லை.

போகிறவர்கள் முகூர்த்தத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்னாடியே போங்கள். பெயர்களைத் தெளிவாகத் தாளில் எழுதிக் கொடுங்கள், இனிஷியல் உட்பட. பஸ் ஸ்டாண்ட் பக்கம் பத்தமடைப் பாய் என்று சொல்லி பிளாஸ்டிக் பாயை நீட்டுவார்கள், வாங்காதீர்கள்.