மோர்மிளகாயும் செனகாவும்

சிங்கப்பூர் வந்த முதல் வருஷம் யீஷூனில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தேன். வீட்டுக்காரம்மா போட்ட நிபந்தனை ஒன்றுதான்: லேசான சமையல் மட்டும். கடுகு வெடித்தால் கதவு தட்டப்படும். அம்மா கட்டிக்கொடுத்த மோர்மிளகாய்ப் பொட்டலம் பிரிக்காமலே பெட்டியில் கிடந்தது.

தினமும் இரவு 9 மணிக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் வாய்ட் டெக்கில், அதாவது தூண்கள் நிற்கும் திறந்த கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் போட்ட மேசையில் உட்கார்ந்து அம்மாவுக்கு போன். ஊரில் அப்போது 6:30, விளக்கேற்றி முடித்திருப்பாள்.

"மோர்மிளகாய் இருக்காடா?"

"தீர்ந்துபோச்சும்மா. நல்லா இருக்கேன்."

பேட்டை நூலகத்தில் பழைய ரோமின் ஸ்டோயிக் தத்துவஞானி செனகா கையில் சிக்கியது அந்தச் சமயம்தான். ஸ்டோயிக் என்றால் நெஞ்சைக் கல்லாக்கிக்கொள்வது என்று நினைத்திருந்தேன். அந்தப் பெயரே ஏதென்ஸில் இந்தத் தத்துவத்தைத் தொடங்கிய ஸீனோ பாடம் சொன்ன தூண் மண்டபத்திலிருந்து வந்ததாம். ஏறக்குறைய நம்ம வாய்ட் டெக்!

கி.பி. 41-இல் பேரரசர் கிளாடியஸ் செனகாவைக் கார்சிகா தீவுக்கு நாடு கடத்தினார். அங்கிருந்து தாய் ஹெல்வியாவுக்கு எழுதுகிறார்: இது வெறும் இடமாற்றம்தான். ரோமில் நெரியும் கூட்டத்திலேயே பெரும்பாலோர் சொந்த ஊரை விட்டு வந்தவர்கள். சூரியனும் சந்திரனும் நட்சத்திரமும் கண்ணில் படுகிறவரை எந்த மண்ணை மிதித்தால் என்ன? (யீஷூன் வெளிச்சத்தில் நட்சத்திரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.)

அதே தீவிலிருந்து இன்னொரு கடிதமும் போனது, அரண்மனையில் செல்வாக்குள்ள பொலிபியஸுக்கு. சகோதரரை இழந்தவருக்கு ஆறுதல் என்று பேர். உள்ளே கிளாடியஸுக்கு ஒரே கூழைக்கும்பிடு, திரும்பக் கூப்பிட மாட்டாரா என்ற தவிப்பு. கூப்பிட்டது 49-இல்தான்.

இதை வைத்து அவரை வேஷக்காரர் என்பவர்கள் உண்டு. எனக்கோ அங்கேதான் ஆளைப் பிடித்துப்போனது. அம்மாவுக்கு எழுதியது பொய்யில்லை. சொல்லிச் சொல்லியே தன்னைத் தேற்றிக்கொண்டிருக்கிறார். மறுநாளே கால் தடுமாறுகிறது. யாருக்குத்தான் தடுமாறாது?

அவ்வப்போது சில நாள் மட்டமான சாப்பாடும் முரட்டுத் துணியுமாக இருந்துவிட்டு, 'இதற்கா பயந்தோம்?' என்று கேட்டுக்கொள் என்று நண்பர் லூசிலியஸுக்கு எழுதியவரும் அவரே. பெரும் பணக்காரர், விரும்பி இருந்து பார்க்கலாம். எனக்கு வீட்டுக்காரம்மா சட்டம். இருந்தாலும் தாளிக்காத தயிர்சாதத்தின் முன்னால் அதைக் கேட்டுப் பார்த்தேன். பயந்தது சாதத்துக்கு இல்லை, அம்மாவுக்குத் தெரிந்துவிடுமோ என்றுதான்.

அன்றிரவே சொல்லிவிட்டேன். "இங்க எண்ணெய் காய வைக்க விடமாட்டாங்கம்மா. மோர்மிளகாய் அப்படியேதான் இருக்கு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அடப்பாவி, தீர்ந்துபோச்சுன்னியேன்னு இன்னொரு கிலோ நேத்துதான் பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட கொடுத்தனுப்பினேன்!"