எட்டு போட்டாச்சு, கண்ணுக்கு எப்போது பயிற்சி?

காலை ஊன்றாமல் எட்டு போட்டால் லைசென்ஸ் கிடைத்துவிடும். வண்டியைத் திருப்பத் தெரியுமா என்று மட்டுமே அங்கே பார்க்கிறார்கள். அடுத்த மூன்று நொடியில் ரோட்டில் என்ன நடக்கும் என்று ஊகிப்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள்.

கைத்திறமையைக் கூட்டினால் சரியாகிவிடாதா? நார்வேயில் 1979இல் வழுக்கும் தரையில் வண்டியைக் கட்டுப்படுத்தும் பயிற்சியைக் கட்டாயமாக்கியபோது இளம் ஆண்களின் விபத்துகள் குறையவில்லை, கூடின. ஸ்வீடனில் கிரெகர்சன் 1996இல் வெளியிட்ட ஆய்வு ஒரு காரணத்தைக் காட்டியது: பயிற்சியில் வளர்ந்தது திறமை அல்ல, திறமை இருக்கிறது என்ற நினைப்பு.

கண்ணைப் பழக்க ஒரு போன் போதும். பிரிட்டனில் 2002 முதல் ஆபத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வீடியோ தேர்வு இருக்கிறது; அதையொட்டி நாமும் செய்யலாம். காவேரிப்பட்டணம் பக்கம் காரில் போகும்போது முன்சீட்டில் இருப்பவர் (ஓட்டுபவர் அல்ல!) ரோட்டைப் படம் எடுக்கட்டும். சர்வீஸ் ரோட்டிலிருந்து பைக் தலை நீட்டும், மாங்காய் டெம்போ திடீரென ஓரம் கட்டும். அது நம் பாதைக்குள் வருவதற்கு ஒரு நொடி முன்னால் வீடியோவை நிறுத்தி, உடனே திரையை மறைத்துவிட வேண்டும். நின்ற படம் கண்ணெதிரே இருந்தால் யாரும் சாவகாசமாகத் தேடிக் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு கேளுங்கள்: எங்கே, எது, அடுத்து என்ன செய்யும்? “பார்த்துப் போகணும்” என்பதைப் பதிலாக ஏற்காதீர்கள். 60 கி.மீ. வேகத்தில் ஒன்றரை நொடி தாமதித்தால், பிரேக்கைத் தொடுவதற்குள் 25 மீட்டர் போயிருக்கும்.

அடுத்தது, ரோட்டில் பார்ப்பதையும் அதற்கு என்ன செய்வது என்பதையும் வாய்விட்டுச் சொல்வது. முதலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பத்து நிமிடம் மட்டும். ஓட்டிக்கொண்டே பேசுவது புதியவருக்குச் சுமை. “லாரி, போர்டு, பாலம்” என்று பட்டியல் போடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. தொப்பூர் இறக்கத்தில் சொல்ல வேண்டியது இப்படி: “முன்னால் லாரிக்கு பிரேக் லைட் அணையவே இல்லை, பிரேக் சூடாகியிருக்கும், இடம் விடுகிறேன்.”

கூட்டாளிகள் விஷயம் தனி. 2005இல் ஆய்வாளர்கள் கார்ட்னரும் ஸ்டெயின்பெர்க்கும் கார் விளையாட்டு ஒன்றை வைத்துச் சோதித்தபோது, நண்பர்கள் உடன் இருந்தால் விடலைகள் அதிகம் துணிந்தார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. “கவனமாக இருப்பேன்” என்ற சபதம் இதற்கு உதவாது. எது நடந்தால் என்ன செய்வது என்று முன்பே ஜோடி சேர்த்து வைக்க வேண்டும்: பின்னாடி இருப்பவன் “முறுக்குடா” என்றால், உடனே ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி “வீட்ல வண்டியப் புடுங்கிடுவாங்க மச்சி” என்று சொல்வது. பழியை வீட்டின்மேல் போடட்டும், பரவாயில்லை.